எபிசோட் 41: செத்துப்போன கடல் தொட்டியை மறுபடி எழுப்புறது எப்படி?

(இது எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த இழுவைகளையும் திரும்பத் திரும்பச் சொன்னதையும் எடுத்துவிட்டு, வாசிக்க வசதியாகத் திருத்தியிருக்கிறோம்.)

தங்கமீன் எபிசோடுக்கு அப்புறம் இன்பாக்ஸ்ல அதிகமா வந்த கேள்வி ஒண்ணுதான்: "ரீஃப் டேங்க் வெச்சிருந்தேன், எல்லாம் போயிடுச்சு. திரும்ப ஆரம்பிக்கலாமா, இல்ல ஓ.எல்.எக்ஸ்.ல போட்டுடலாமா?" ஒருத்தர் ரெண்டு பேர் இல்லை, நிறைய பேர். அதுல பாதிப் பேர் சென்னை. எல்லோரும் சொல்ற மாசமும் ஒண்ணுதான், 2023 டிசம்பர்.

மிக்ஜாம் புயல். அந்த வாரம் என் தொட்டியும் போச்சு. அதனால இன்னைக்கு ஒரு உப்புநீர்த் தொட்டி எப்படிச் சாகுது, எந்த வரிசையில சாகுது, திரும்ப அதை எழுப்பும்போது எந்தெந்த இடத்துல கால் இடறும், இதையெல்லாம் பேசலாம். வாங்கிற பொருள் பட்டியல் சொல்லப் போறதில்லை. அதுக்கு யூடியூப்ல ஆயிரம் பேர் இருக்காங்க.

முதல்ல ஒரு அடிப்படை விஷயம். நன்னீர்த் தொட்டிக்கும் கடல்நீர்த் தொட்டிக்கும் உப்பு மட்டும்தான் வித்தியாசம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. உப்பு கரைந்த நீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். அதே வெப்பத்தில் கடல்நீர் 7 மில்லிகிராமுக்கும் கீழே. சூடு ஏற ஏற இன்னும் குறையும். அந்தக் கொஞ்ச ஆக்சிஜனையும் மீன், இறால், பவளம், நத்தை, பாறைக்குள் இருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியா எல்லாமே பங்கு போட்டுக்கணும். அதாவது ரீஃப் டேங்க் என்பது எப்போதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிற ஒரு பெட்டி. பம்ப் சுற்றி, நீரின் மேற்பரப்பு கலங்கிக்கொண்டே இருக்கிறவரைக்கும்தான் அதுக்கு உயிர்.

எங்க வீடு பள்ளிக்கரணை பக்கம், ரெண்டாவது மாடி. திங்கட்கிழமை விடியற்காலை போன கரண்ட் புதன்கிழமை ராத்திரிதான் வந்தது. 200 லிட்டர் தொட்டி. ஒரு மஞ்சள் டாங், ரெண்டு கோமாளி மீன், ஒரு ஃபயர்ஃபிஷ், ரெண்டு க்ளீனர் இறால், நத்தைகள், நண்டுகள், கொஞ்சம் காளான் பவளம், பொத்தான் பவளம். வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. ஆனா பாட்டிக்கு நெபுலைசர் போட வேண்டியிருந்தது. இன்வெர்ட்டர் பாட்டிக்குத்தான், அதுல ரெண்டாவது யோசனையே கிடையாது. தொட்டிக்குக் கிடைச்சது பேட்டரியில ஓடுற ஒரு சின்ன ஏர் பம்ப்பும், என் தம்பியும் நானும் மாத்தி மாத்தி மக்கில் மொண்டு மேலிருந்து ஊத்தின தண்ணியும்தான். கேட்க சிரிப்பா இருக்கும். ஆனா அது நல்ல முதலுதவி. உயரத்திலிருந்து விழும் தண்ணீர் காற்றை இழுத்துக்கொண்டு உள்ளே போகும். ரெண்டு பேர் முறை வெச்சு ஊத்தினா ஒரு ராத்திரி தள்ளலாம். மூணு ராத்திரி முடியாது.

முதல்ல போனது டாங். உடம்பு பெரிசு, நாள் முழுக்க நீந்துற மீன், ஆக்சிஜன் தேவை அதிகம். அடுத்து இறால். அதுக்கப்புறம் நடந்ததுதான் பேசவேண்டிய விஷயம். ஏன்னா தொட்டியைக் கொல்றது மூச்சுத்திணறல் மட்டும் இல்லை. செத்த உடல் அழுகும்போது அம்மோனியா வருது. சாதாரண நாளில் பாறையில் இருக்கும் பாக்டீரியா அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். ஆனா அந்த வேலைக்கே ஆக்சிஜன் வேணும். ஆக்சிஜன் இல்லாதபோது துப்புரவு வேலை நிக்குது, குப்பை மட்டும் ஏறுது. பாறை இடுக்கில் நமக்குத் தெரியாமல் செத்துக்கிடக்கும் ஒரு நத்தை, அடுத்த நத்தைக்கு எமன்.

இங்கே ஒரு முரண் இருக்கு. கரண்ட் இல்லாத நேரத்தில் அந்த அம்மோனியா அவ்வளவாகக் கொல்றதில்லை. மீன்கள் விடும் கரியமில வாயு வெளியேற வழியில்லாமல் நீரிலேயே தங்கி, நீரின் பிஎச் இறங்குது. 8.2 இருந்தது 7.5, அதற்கும் கீழே போகலாம். பிஎச் இறங்கினால் அம்மோனியாவின் பெரும்பகுதி அம்மோனியம் என்கிற, விஷம் குறைந்த வடிவத்துக்கு மாறிடும். கரண்ட் வருது, பம்ப் ஓடுது, நீர் கலங்குது, கரியமில வாயு வெளியே போகுது, சில மணி நேரத்தில் பிஎச் மேலே ஏறுது. அதுவரைக்கும் சாதுவாக இருந்த அம்மோனியம் மறுபடி விஷ அம்மோனியாவாகத் திரும்புது. மூணு நாள் தாக்குப்பிடித்த மீன், கரண்ட் வந்த ராத்திரி செத்துப்போவது இதனால்தான். தபாலில் வரும் மீன் பையைத் திறந்துவைத்தபடி ரொம்ப நேரம் விடாதீங்கன்னு சொல்றதுக்கும் இதே காரணம்தான்.

எனக்கு இதைச் சொன்னது இந்தப் பொழுதுபோக்கில் பதினைந்து வருஷம் பழகின ஒரு அண்ணன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் ரெண்டு நிமிஷம் சிக்னல் கிடைச்சது. அவர் சொன்னது ரெண்டே விஷயம். "கரண்ட் வந்ததும் சந்தோஷத்துல சுவிட்சைப் போடாதே தம்பி. கேனிஸ்டர் ஃபில்டரை இப்பவே கழட்டி வெளியில வெச்சுடு." கேனிஸ்டர் என்பது மூடிய டப்பா. ஆக்சிஜன் தீர்ந்ததும் உள்ளே இருக்கும் பாக்டீரியா செத்து, அழுகின முட்டை வாடையோடு ஹைட்ரஜன் சல்ஃபைடு உருவாகும். கரண்ட் வந்த நொடியில் அந்த மொத்தத் தண்ணியும் பீய்ச்சிக்கொண்டு தொட்டிக்குள் வரும். கழட்டித் திறந்தப்ப வந்த வாடையை இன்னும் மறக்க முடியலை.

வாராந்திர மாற்றத்துக்காகக் கலந்து வெச்சிருந்த 40 லிட்டர் உப்புத் தண்ணி கையில் இருந்தது. உயிரோடு இருந்த ரெண்டு கோமாளி மீனையும், ஒரு துறவி நண்டையும், காளான் பவளம் ஒட்டின ஒரு சின்னக் கல்லையும் அந்த டிரம்முக்கு மாத்தினோம். ஏர் பம்ப்பும் அங்கேயே போச்சு. தொட்டியை அப்படியே விட்டோம். புதன்கிழமை ராத்திரி சோதித்தபோது அதில் அம்மோனியா 2 பிபிஎம்முக்கு மேலே. ஒரு தொட்டியைக் காப்பாத்துறதும் அதிலிருக்கிற உயிரைக் காப்பாத்துறதும் எப்போதும் ஒரே வேலை இல்லை. ஏதாவது ஒண்ணுதான் முடியும்னா தொட்டியை விட்டுடுங்க.

அம்மா அன்னைக்கு ஒரு கேள்வி கேட்டாங்க: "இங்கிருந்து கடற்கரை அரை மணி நேரம். போய்ப் பார்த்துட்டு வர்றதை விட்டுட்டு ஏன்டா வீட்டுக்குள்ள கடல்?" நியாயமான கேள்வி. பதில் இன்னும் யோசிச்சுக்கிட்டிருக்கேன்.

சரி, மறுகட்டுமானம். முதல் வேலை சுத்தம். இங்கே உயிர் போகிற ஒரு எச்சரிக்கை சொல்லணும், கொஞ்சம் கவனிச்சுக் கேளுங்க. பொத்தான் பவளம், அதாவது ஜோயாந்திட், சில வகைகளில் பேலிடாக்சின் என்கிற விஷம் இருக்கும். கடலில் கிடைக்கிற மிகக் கொடிய விஷங்களில் ஒண்ணு. அது ஒட்டின பாறையைச் சுத்தம் செய்ய வெந்நீரில் கொதிக்க வைப்பது, ஆவியில் சுரண்டுவது, இதெல்லாம் செய்யவே கூடாது. அந்த ஆவியைச் சுவாசித்து மொத்தக் குடும்பமும் மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கு. கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, திறந்த வெளியில, குளிர்ந்த தண்ணியில்தான் எதையும் செய்யணும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்னைக்கு வேண்டாம்.

பழைய மணலை எடுத்துப் போட்டுட்டேன். பாறையை என்ன செய்வது என்பதுதான் பெரிய கேள்வி. நம்ம ஊரில் இதற்கு ஒரு சட்டப் பக்கமும் இருக்கு. பாறை கட்டும் கல் பவளங்கள் அத்தனையும், கடல் விசிறி, கரும்பவளம் எல்லாம் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலி இருக்கிற அதே அட்டவணை. "ராமேஸ்வரத்துல இருந்து லைவ் ராக் வரும், ஃப்ரெஷ் பீஸ்"னு யாராவது சொன்னா, வேண்டாம்னு சொல்லிட்டு வந்துடுங்க. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல காலம் பவளப்பாறையை வெட்டி எடுத்த கடல் அது. அலையைத் தடுத்த பாறை போனபின் ரெண்டு தீவுகள் நீருக்குள்ளேயே போயிடுச்சு. என் ஹாலில் அழகுக்காக அதிலிருந்து இன்னொரு கல் வரவேண்டியதில்லை. கல் பவளம் நான் வைக்கிறதில்லை. நண்பர்களின் தொட்டியில் வருஷக்கணக்காக வளர்ந்து, வெட்டிப் பிரித்துக் கொடுக்கிற காளான், பொத்தான் துண்டுகள் மட்டும்தான். மீனில் கோமாளி மீன் நல்ல தேர்வு. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமே அதைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யும் முறையை உருவாக்கியிருக்கு. பண்ணையில் பொரித்த மீன் தொட்டியிலேயே பிறந்தது, தீவனம் தின்னப் பழகினது. கடையில் வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்க.

ஆக, சிமெண்ட் கலந்து செய்த செயற்கைப் பாறை. அதில் உயிர் எதுவும் இல்லை. அதனால பாக்டீரியாவை ஆரம்பத்திலிருந்து வளர்க்கணும், இதைத்தான் சைக்ளிங்னு சொல்றோம். காலித் தொட்டியில் அம்மோனியா கொடுத்து (அம்மோனியம் குளோரைடு, இல்லைன்னா ஒரு இறால் துண்டு), பாக்டீரியா பெருகிறவரை காத்திருப்பது. பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவும் சேர்க்கலாம். எனக்கு 2024 பிப்ரவரியில் ஆரம்பிச்சு ஆறு வாரம் ஆச்சு. நடுவில் நைட்ரைட் எகிறும். நன்னீர் பழகினவங்க அதைப் பார்த்துப் பதறுவாங்க. கடல்நீரில் இருக்கும் குளோரைடு, நைட்ரைட் மீனின் செவுளுக்குள் நுழைவதைப் பெருமளவு தடுத்துடும்; அதனால இங்கே அது அத்தனை பெரிய ஆபத்து இல்லை. அம்மோனியா பூஜ்யத்துக்கு வருதான்னு பாருங்க, அது போதும்.

தண்ணி விஷயத்தைச் சுருக்கமாச் சொல்லிடறேன். நம்ம போர் தண்ணியில் டி.டி.எஸ். 1000-ஐத் தாண்டுவது சகஜம். வீட்டு ஆர்.ஓ.வில் வருவது 50, 80 இருக்கும். குடிக்க அது போதும், தொட்டிக்குப் போதாது. ஆர்.ஓ.வுக்குப் பின்னால் டி.ஐ. ரெசின் ஒண்ணு மாட்டி, பூஜ்யத்துக்குக் கொண்டுவரணும். மிச்சமிருக்கும் சிலிகேட்டும் பாஸ்பேட்டும் பாசிக்குச் சாப்பாடு. தாமிரம் இருந்தால் நத்தைக்கும் இறாலுக்கும் விஷம். கடல் தண்ணியே கேனில் கொண்டுவரலாமேன்னு கேட்பீங்க. சிலர் செய்றாங்க. மழைக்காலத்தில் கரையோர நீரின் உப்பு இறங்கும், ஊர்ச் சாக்கடையும் அங்கேதான் சேரும். அந்த டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய்ப் படலம் பரவினதை எல்லோரும் பார்த்தோம். நான் பொடியைக் கலந்துக்கிறேன். லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம், ரிஃப்ராக்டோமீட்டரில் 35 பிபிடி காட்டணும். அந்தக் கருவியையும் 35 பிபிடி அளவுத் திரவத்தை வைத்தே சரிபாருங்க. ஆவியாகிப் போற தண்ணிக்குப் பதிலா உப்பில்லாத தண்ணிதான் ஊத்தணும், ஏன்னா உப்பு ஆவியாகாது.

ஏப்ரலில் கோமாளி மீன்கள் டிரம்மிலிருந்து வீடு திரும்பின. நாலு மாசம் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம்மில் இருந்த மீன்கள். ஒரு நாள் முழுக்க ஒரே மூலையில் நின்னுக்கிட்டிருந்தது.

அப்புறம் ஜூனில் வந்தது ரெண்டாவது அடி. மணல் மேல் பழுப்பு நிறத்தில் சளி மாதிரி ஒரு படலம், அதில் சின்னச் சின்னக் காற்றுக்குமிழி. ராத்திரி லைட் அணைச்சா குறையுது, மதியத்துக்குள் திரும்ப வருது. நத்தைகள் ஒவ்வொண்ணா கண்ணாடியிலிருந்து கீழே விழுது. இதுதான் டைனோஃபிளாஜெல்லேட், சுருக்கமா டைனோ. புதுத் தொட்டியில் முதலில் வரும் பழுப்பு டயாட்டம் வேற. அது சிலிகேட் தீர்ந்ததும் தானாகப் போயிடும். டைனோ அப்படிப் போகாது. சில வகைகளில் விஷமும் உண்டு, அதைத் தின்னும் நத்தை சாகும்.

எங்கிருந்து வருது? பழைய புத்தகங்களும் கடைக்காரர்களும் நைட்ரேட், பாஸ்பேட் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லதுன்னு சொல்வாங்க. ஆனா ரெண்டும் சுத்தமாகப் பூஜ்யம் ஆகும்போது சாதாரணப் பாசியும் பாக்டீரியாவும் பட்டினியாகுது. காலியான அந்த இடத்தை டைனோ பிடிச்சுக்குது. புதுப் பாறை இருக்கிற தொட்டியில் இது இன்னும் சுலபம். பாறையின் சுண்ணாம்பு பாஸ்பேட்டை இழுத்து ஒட்டவெச்சுக்கும்; போட்டிக்கு நிக்க பழைய பாறையில் இருக்கிற மாதிரி வேறு நுண்ணுயிர்களும் இருக்காது. தரிசா கிடக்கிற வயலில் முதலில் கருவேலம் வர்ற மாதிரின்னு வெச்சுக்கலாம்.

அதனால வைத்தியம் தலைகீழ். சுத்தம் செய்றதைக் குறைக்கணும். மீனுக்குத் தீனி கூட்டினேன், ஸ்கிம்மர் ஓடும் நேரத்தைக் குறைச்சேன், நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தேன். நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.05 முதல் 0.1. பாஸ்பேட்டை இன்னைக்குச் சேர்த்தா நாளைக்குப் பாறை குடிச்சிருக்கும், மறுபடி பூஜ்யம். மூணு வாரம் இப்படியே போச்சு. தண்ணி மாற்றுவதை நிறுத்தினேன். பிள்ளைகளுக்கான ஒரு விலை குறைஞ்ச மைக்ராஸ்கோப்பில் பார்த்தப்ப, ஒரு முனை கூர்ந்த நீர்த்துளி மாதிரி, ஒரே இடத்தில் கயிறு கட்டின ஆடு போலச் சுத்திச் சுத்தி வருது. ஆஸ்ட்ரியாப்சிஸ். இந்த வகை ராத்திரியில் மணலை விட்டு நீரில் மிதக்கும், அதனால யு.வி. விளக்கு வழியா தண்ணியை ஓடவிட்டா மாட்டிக்கும். வேறு சில வகைகள் மணலை விட்டு வெளியே வராது, அதுக்கு யு.வி. வாங்கினா காசு வீண். என்ன வகைன்னு தெரியாம மருந்து வாங்காதீங்கன்னு சொல்றது இதனாலதான். ஆகஸ்ட் கடைசியில் மணல் வெள்ளையா தெரிஞ்சது. நடுவில் பச்சைப் பாசி முளைச்சப்ப நான் சந்தோஷப்பட்டேன். வீட்டில் யாருக்கும் அது புரியலை.

பவர் பேக்அப் பத்திச் சொல்லாம முடிக்க முடியாது. கணக்கு சின்னது. சில்லர் 300 வாட்டுக்கு மேலே இழுக்கும், அதை பேட்டரியில் ஓட்டும் ஆசையை விடுங்க. லைட் வேண்டாம், பவளம் சில நாள் இருட்டைத் தாங்கும். ஸ்கிம்மர் வேண்டாம். அலை உண்டாக்கும் ஒரு டி.சி. பம்ப் மட்டும், மேற்பரப்பைப் பார்த்துத் திருப்பி வெச்சா போதும், 10 வாட். 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரியில் சுமார் 1,200 வாட்-அவர் இருக்கு. அதாவது அஞ்சு நாள். ஆனா அதே பேட்டரியை வீட்டு இன்வெர்ட்டர் வழியா ஓட்டினா, இன்வெர்ட்டர் விழிச்சிருக்கவே பம்ப் அளவுக்குக் கரண்ட் தின்னும், நாள் கணக்கு பாதியாகும். அதனால பம்ப்பின் வோல்ட்டேஜ் பார்த்து, நேரடியாக டி.சி. இணைப்பு கொடுங்க. எலக்ட்ரீஷியன் துணையோட, ஃப்யூஸ் போட்டு. இப்போ எங்க வீட்டில் தொட்டிக்குத் தனி பேட்டரி, பாட்டிக்குத் தனி இன்வெர்ட்டர். ரெண்டுக்கும் இனிமே போட்டி இல்லை.

மே மாசத்தில் கரண்ட் போனா இதுவும் போதாது, சூடும் சேர்ந்துக்கும். மின்விசிறியை நீர் மேல் ஓடவிட்டா ஆவியாதலில் ரெண்டு மூணு டிகிரி இறங்கும். ஆனா நம்ம ஊர்ப் புழுக்கத்தில் அதுவும் அரைகுறைதான். ஐஸ் கட்டியை நேரா போடாம, தண்ணி பாட்டிலை உறையவெச்சு, மூடியோட மிதக்க விடுங்க. உப்பு அளவு மாறாது.

போன மாசம் அந்த டிரம் ஜோடி ஒரு டைல்ஸ் துண்டு மேல் முட்டை வெச்சிருக்கு. கோமாளி மீன் எல்லாமே பிறக்கும்போது ஆண்தான், ஜோடியில் பெரிசா இருக்கிறது பெண்ணாக மாறும். முட்டையைக் காவல் காக்கிறது, விசிறிக் காற்று விடுறது பெரும்பாலும் அப்பா வேலை. ஏழிலிருந்து பத்து நாளுக்குள், லைட் அணைஞ்ச பிறகுதான் பொரியும். குஞ்சு ரொம்பச் சின்னதா இருக்கும். தொட்டியிலேயே விட்டா பம்ப் தின்னுடும், அதனால டார்ச் வெளிச்சத்தில் கவர்ந்து தனியே பிரிக்கணும். அதுக்குத் தின்ன ரோட்டிஃபர் வேணும், ரோட்டிஃபருக்குத் தின்ன பச்சைத் தண்ணி வேணும். பால்கனியில் இப்போ பச்சை நிறத்தில் எட்டு பாட்டில் இருக்கு. அம்மா இன்னும் எண்ணலை. அதைப் பத்தி அடுத்த எபிசோடில் பேசுவோம். டைனோ படம் எடுத்து அனுப்புறவங்க, மைக்ராஸ்கோப் வழியா எடுத்த வீடியோவா அனுப்புங்க. போட்டோவில் வகை கண்டுபிடிக்க முடியாது.